எண் பொருந்தினால்தான் எஞ்சினா?

அமெரிக்காவில் யாராவது ஒரு பழைய மசில் காரை விற்கப் போவதாகச் சொன்னால், வாங்க வருகிறவர் "வண்டி ஓடுமா?" என்று கேட்பதற்கு முன்னால் "நம்பர் மேட்சிங்கா?" என்று கேட்பார். அதாவது, ஃபாக்டரியை விட்டு வெளியே வந்த அன்று காரில் இருந்த அதே எஞ்சின்தான் இன்றும் இருக்கிறதா என்று. ஆம் என்றால் கண்கள் விரியும். இல்லை என்றால் உதடு பிதுங்கும், விலையும் சரியும்.

சொந்த வீட்டு கராஜில் இரண்டு வருடச் சனி ஞாயிறுகளைத் தொலைத்து, துருப்பிடித்த எஞ்சினை இறக்கி, தகுந்த வேறொன்றைத் தேடிப்பிடித்து, பிரித்து, அளந்து, சேர்த்து, மறுபடி ஏற்றி, காரை ரோட்டில் ஓட வைத்தவர் ஒருவர் இருப்பார். அவரைப் பார்த்தும் இதே உதட்டுப் பிதுக்கல்தான். "ஒரிஜினல் பிளாக் இல்லையா? அடடா..." இந்த 'அடடா'வுக்கு எதிரானது இந்தக் கட்டுரை.

மசில் கார் எப்படிப் பிறந்தது?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகளுக்கு ஒரு விதி வைத்திருந்தது. நடுத்தர அளவுக் காரில் 330 கியூபிக் இன்ச்சுக்கு மேற்பட்ட எஞ்சின் போடக்கூடாது. போண்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டிலோரியன். அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். பெரிய போண்டியாக் கார்களில் போடும் 389 கியூபிக் இன்ச் எஞ்சினும், சின்ன டெம்பஸ்ட் காரில் போடும் 326 எஞ்சினும் வெளி அளவில் ஒன்றேதான். மாட்டும் இடங்களும் ஒன்றேதான். அப்படியானால் பெரிய காரின் எஞ்சினைச் சின்ன காரில் அப்படியே உட்கார வைக்கலாமே!

உட்கார வைத்தார்கள். தனி மாடல் என்று சொன்னால் மேலிடம் தடுக்கும் என்பதால், 295 டாலர் கூடுதல் கொடுத்தால் கிடைக்கும் 'ஆப்ஷன்' என்று விலைப்பட்டியலில் சேர்த்தார்கள். அதுதான் 1964 மாடல் போண்டியாக் ஜிடிஓ. முதல் ஆண்டிலேயே 32,000-க்கும் மேல் விற்றது. பிறகு செவெல், ரோட் ரன்னர், சார்ஜர் என்று வரிசை கட்டின. 1970-ல் செவெல் எஸ்எஸ் 454 காரை 450 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்யும் அளவுக்குப் போட்டி முற்றியது. 1971-லிருந்து எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. கதை முடிந்தது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மசில் கார் என்ற வகையே, வேறொரு காருக்கு உரிய எஞ்சினை எடுத்து, விதியை மீறி, இந்தக் காரில் போட்டதால் பிறந்தது. எஞ்சின் மாற்றத்தில் பிறந்த காரைப் பார்த்து "எஞ்சின் மாறியிருக்கிறதே, இது அசல் இல்லை" என்று சொல்வது வேடிக்கையா இல்லையா?

அந்த எண் என்ன சொல்கிறது?

செவர்லே ஸ்மால் பிளாக் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல்தளத்தில், ஒரு சின்னச் சமதளம் துருத்திக்கொண்டு இருக்கும். அதில் ஒரு வரி பொறித்திருப்பார்கள். முதல் எழுத்து எந்தத் தொழிற்சாலை என்று சொல்லும். ஃபிளின்ட் என்றால் 'வி', டோனவாண்டா என்றால் 'டி'. அடுத்து எஞ்சின் சேர்க்கப்பட்ட மாதம், நாள். கடைசியில் எந்த வகைக் காருக்கு, எந்த கியர்பாக்ஸுக்கு என்ற குறியெழுத்து. 1960களின் கடைசி வாக்கில் வந்த கார்களில், வண்டியின் அடையாள எண்ணிலிருந்து சில இலக்கங்களும் சேர்ந்திருக்கும். இந்த இலக்கங்களும் டாஷ்போர்டில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போனால் 'நம்பர் மேட்சிங்'.

அவ்வளவுதான் அதன் மகிமை. தொழிற்சாலைக் கணக்குக்காகவும் திருட்டைக் கண்டுபிடிக்கவும் அடித்த முத்திரை அது. இந்த எஞ்சின் நன்றாக இருக்கிறதா, சிலிண்டர் சுவர் தடிமனாக இருக்கிறதா, கிராங்க் நேராக இருக்கிறதா என்று அது ஒரு வார்த்தை சொல்லாது.

இன்னொன்று. அந்தக் கார்களை வாங்கியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். வாங்கிய வாரமே பந்தயத்துக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. எஞ்சின் வெடித்தால் வாரண்டியில் வேறு பிளாக் கொடுத்தது அதே ஜெனரல் மோட்டார்ஸ்தான். அந்த மாற்று பிளாக்குகளில் 'சிஇ' என்ற எழுத்துகளில் தொடங்கும் வேறொரு எண் இருக்கும். ஆக, வாங்கிய வருடமே, டீலர் பட்டறையிலேயே, கம்பெனியே எஞ்சின் மாற்றிக் கொடுத்த கார் இன்றைய கணக்கில் 'நம்பர் மேட்சிங் இல்லை'. பெற்றவளே ஒப்புக்கொண்ட பிள்ளையை ஊர் ஒப்புக்கொள்ள மறுக்கிறது!

எஞ்சின் என்பது தேய்ந்தால் மாற்றும் பாகம் என்றுதான் அதைச் செய்தவர்கள் நினைத்தார்கள். செவர்லே ஸ்மால் பிளாக் 1955-ல் வந்தது. அந்தப் பெயர் வரிசையில் 10 கோடியாவது எஞ்சின் 2011 நவம்பரில் வெளிவந்தது. அந்த முதல் தலைமுறை பல பத்தாண்டுகள் ஓடியது. அத்தனை காலமும் எஞ்சினைப் பக்கவாட்டில் மாட்டும் இடமும், கியர்பாக்ஸைச் சேர்க்கும் போல்ட் வரிசையும் பெரும்பாலும் மாறவே இல்லை. 1978 பிக்கப் லாரியில் இருந்து எடுத்த 350 எஞ்சின் 1970 செவெலில் சிரமமில்லாமல் உட்காரும் என்றால் அது தற்செயல் இல்லை. உட்கார வேண்டும் என்றே செய்தது.

எண்ணுக்காக எஞ்சினைப் பலி கொடுப்பது

இந்த எண் பக்தி வெறும் ரசனை என்றால் விட்டுவிடலாம். வேலையையே அது கெடுக்கிறது என்பதுதான் சிக்கல்.

50 வருடம் சூடேறிச் சூடேறி ஆறிய பிளாக்கின் மேல்தளம் சற்றே வளைந்திருக்கலாம். அதை லேத் பட்டறையில் கொடுத்து லேசாக இழைத்துச் சமமாக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹெட் பேக்கிங் பிடித்து நிற்காது, தண்ணீர் கசியும். எந்த மெக்கானிக்கும் சொல்லும் பாலபாடம் இது. ஆனால் எண் இருப்பதும் அதே மேல்தளத்தில்தான். இழைத்தால் எண் போய்விடும். எனவே "இழைக்காதீர்கள்" என்று பட்டறைக்காரரிடம் கெஞ்சுகிறவர்கள் உண்டு. கசிந்தாலும் பரவாயில்லை, எண் இருக்கட்டும்!

சிலிண்டரும் அப்படித்தான். ஏற்கெனவே இரண்டு முறை ரீபோர் ஆன பிளாக். சுவர் மெலிந்துவிட்டது. இன்னொரு முறை போர் செய்தால் சூடு தாங்காது. நல்ல பிளாக் ஒன்று பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் எண் பொருந்தாதே! அதனால் எட்டு சிலிண்டருக்கும் ஸ்லீவ் அடித்து, பிளாக்கின் மதிப்பைவிடப் பல மடங்கு செலவழித்து, செத்த எஞ்சினுக்கு உயிர்ப்பிச்சை கேட்கிறார்கள்.

அடுத்தது பொய். எங்கே எண்ணுக்குக் காசு கொட்டுகிறதோ அங்கே எண்ணை அடிக்கிறவனும் வருவான். பழைய எண்ணை இழைத்துவிட்டு, வேண்டிய எண்ணைப் புதிதாகப் பொறிப்பது நெடுநாளாக நடக்கும் தொழில். ஃபாக்டரியில் மேல்தளத்தைச் சீவிய கருவி நேர்கோட்டுக் கீறல்களை விட்டுச் செல்லும். சாதாரணப் பட்டறையில் இழைத்தால் வளைந்த கீறல்கள் விழும். இதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் போலியைப் பிடிக்கும் நிபுணர்கள் வந்தார்கள். உடனே நேர்கோட்டுக் கீறலையே போலியாகப் போடும் ஆட்களும் வந்துவிட்டார்கள். திருடன், போலீஸ் விளையாட்டு. இதில் எஞ்சின் ஓடுகிறதா என்று கேட்பதற்கு யாருக்கும் நேரமில்லை.

கடைசியில் சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரிஜினல் எஞ்சினைத் துணி போர்த்தி கராஜ் மூலையில் வைத்துவிட்டு, வேறு எஞ்சினைப் போட்டு ஓட்டுகிறார்கள். விற்கும் நாளில் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். புத்திசாலித்தனம்தான். ஆனால் இதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் வேறு என்ன வேண்டும்? கார் ஓட அந்த எண் தேவையில்லை. விலை ஓடத்தான் தேவை.

'அசல்' என்பதற்கு எல்லை எது?

எண் பக்தர்களின் காரை உற்றுப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை தெரியும். பின்பக்கத் தகடுகள் துருத் தின்றுவிட்டதால் புதிதாக அச்சடித்தவை. சீட் துணி புதிது. வயரிங் மொத்தமும் புதிது. பெயிண்ட், அந்தக் காலத்தில் இல்லாத இந்தக் காலப் பெயிண்ட். 1969 கமாரோவின் முழுக் கூட்டையே புதிதாகச் செய்து விற்கிறார்கள். இவை எதிலும் அசல் கெடுவதில்லையாம். ஃபாக்டரித் தொழிலாளி பரிசோதனை முடிந்ததற்கு அடையாளமாகச் சாக்பீஸில் கிறுக்கிய கோட்டைக்கூட, இருந்த இடத்தில் அப்படியே மறுபடி கிறுக்குகிறார்கள். பிளாக்கில் இருக்கும் அந்த ஒரு வரி மட்டும் தெய்வம்.

அந்தத் தெய்வத்தை அப்படியே வைத்து ஓட்டவாவது முடியுமா? 1970-ன் உச்சகட்ட எஞ்சின்கள் ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோலுக்காகச் செய்தவை. சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பது அமெரிக்காவில் 1996 ஜனவரி 1 முதல் தடை. இன்றைய பங்க்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலை ஊற்றினால் அந்த எஞ்சின் 'டொக் டொக்' என்று தட்டும். கடினப்படுத்தாத பழைய வால்வ் இருக்கைகள் ஈயம் இல்லாமல் வேகமாகத் தேயும். ஆக, அசல் எஞ்சினை ஓட்ட வேண்டும் என்றால் அதன் உள்ளே மாற்றியாக வேண்டும். உள்ளே பிஸ்டனை மாற்றலாம், கேமை மாற்றலாம், வால்வ் இருக்கையை மாற்றலாம். வெளியே எண் மட்டும் மாறக்கூடாது!

எஞ்சின் மவுண்டிங் கதை இன்னும் சுவையானது. 1960களின் பிற்பாதியில் வந்த பல செவர்லே கார்களில் ரப்பர் மவுண்டிங் பிய்ந்துபோகும் குறை இருந்தது. பிய்ந்தால் எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். தூக்கும்போது ஆக்சிலரேட்டர் இணைப்பையும் சேர்த்து இழுக்கும். ஓட்டுநர் காலை எடுத்தாலும் கார் பாயும். 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்து, எஞ்சின் எகிறாமல் இருக்க ஒரு கேபிளைப் போட்டுக் கட்டிக் கொடுத்தது. பிறகு வந்த மவுண்டிங்குகளில் ரப்பர் கிழிந்தாலும் இரும்பு ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இன்று கராஜில் எஞ்சின் ஏற்றுகிறவர் எதைப் போட வேண்டும்? 'அசல்' என்று பழைய வகை ரப்பரையா? உயிரைக் காப்பாற்றும் பிந்தைய வகையையா?

கராஜில் நடப்பது என்ன?

இப்போது அந்த 'அடடா' எதைப் பார்க்கத் தவறுகிறது என்று பார்ப்போம். ஒரு சனிக்கிழமை காலை. அப்பாவும் மகளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1970 செவெல். பானட்டைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியாயிற்று. கால் டன்னுக்கு மேல் எடையுள்ள 350 எஞ்சின் சங்கிலியில் தொங்குகிறது. வாடகை கிரேனின் கை எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்கு அது தாங்கும் எடை குறையும் என்பதை அந்தப் பெண் முதலில் கற்றுக்கொள்கிறாள். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே விரலைக்கூட நீட்டக்கூடாது என்பதை இரண்டாவதாக.

பின்பக்கம் தாழ, முன்பக்கம் உயர, எஞ்சினைச் சாய்த்து இறக்க வேண்டும். பின்னால் இருக்கும் தகட்டில் இடிக்கக்கூடாது. கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்கும் பிளாக்கும் இரண்டு டவல் பின்களில் நேராகச் சேர வேண்டும். கையால் ஆட்டி ஆட்டித்தான் சேர்க்க வேண்டும். கடைசி அரை இன்ச் வரவில்லையே என்று போல்ட்டை முறுக்கி இழுத்தால், சரியாக உள்ளே உட்காராத டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப்பை நொறுக்கிவிடும். சேர்ந்த பிறகும் கன்வர்ட்டர் கையால் சுற்றினால் சுற்ற வேண்டும். அவசரக்காரனுக்கு இங்கே இடமில்லை.

இறக்கி முடித்தாலும் வேலை முடியவில்லை. எஞ்சினில் இருந்து பாடிக்கு எர்த் பட்டை போட மறந்தால் செல்ஃப் முனகும். டிஸ்ட்ரிபியூட்டரை அரைச் சுற்று தவறாகப் போட்டால் கார்புரேட்டர் வழியாகத் தீ துப்பும். முதல் தடவை ஸ்டார்ட் செய்யும் முன், டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியே டிரில் மெஷினால் ஆயில் பம்ப்பைச் சுற்றி, எல்லா இடத்துக்கும் ஆயில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். புதுக் கேம் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடக்கூடாது. 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் 20 நிமிடமாவது ஓட விட வேண்டும், துத்தநாகம் போதுமான அளவு உள்ள ஆயிலோடு. அந்த 20 நிமிடத்தில் எங்கே கசிகிறது, எது சூடாகிறது என்று நான்கு கண்களும் அலைபாயும்.

இத்தனையும் முடிந்து பானட்டை மூடும்போது அந்தக் காரில் அவர்களுக்குத் தெரியாத போல்ட் ஒன்றுகூட இல்லை. இதற்கு மேல் ஒரு காரைச் சொந்தமாக்கிக்கொள்ள வழி இருக்கிறதா? அந்த நேரத்தில் ஒருவர் வந்து மேல்தளத்தில் டார்ச் அடித்து, "எண் பொருந்தலையே" என்கிறார்.

எதிர்த்தரப்பு சொல்வது

அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. சில கார்கள் உண்மையிலேயே அபூர்வம். 1971 பிளிமத் ஹெமி குடா கன்வர்ட்டிபிள் ஒன்று 2014-ல் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அப்படிப்பட்ட கார்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் செய்யப்பட்டன. அவை வரலாற்று ஆவணங்கள். அவற்றின் எஞ்சினைப் பாதுகாக்க வேண்டும் என்றால் பாதுகாக்கட்டும், யாரும் தடுக்கவில்லை. "சாதாரண எஞ்சினுடன் வந்த காரில் பெரிய எஞ்சினைப் போட்டு எஸ்எஸ் என்று விற்று ஏமாற்றுகிறார்களே, எண்ணைப் பார்க்காமல் எப்படிப் பிடிப்பது?" என்றும் கேட்கிறார்கள். அதுவும் சரி. பொய் சொல்லி விற்பவன் பொய்யன்தான்.

ஆனால் பொய்க்கு மருந்து உண்மை. "இது 1978 பிக்கப் எஞ்சின், இந்த அளவில் போர் செய்தது, இந்தக் கேம், இந்த மவுண்டிங், இதோ ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த ஃபோட்டோ, இதோ பட்டறை ரசீது" என்று எழுதிக் கையில் கொடுத்தால் அதைவிட நேர்மையான ஆவணம் எது? நல்ல முத்திரையையும் கள்ள முத்திரையையும் பிரித்துப் பார்க்க நிபுணர் வேண்டும். ரசீதைப் படிக்க எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும்.

அபூர்வக் காருக்கு உரிய சட்டத்தை லட்சக்கணக்கில் செய்த கார்களுக்கும் பொருத்துவதுதான் அநியாயம். மஸ்டாங் 1964 ஏப்ரலில் அறிமுகமாகி, இரண்டு வருடத்துக்குள் 10 லட்சம் தயாரிக்கப்பட்டது. எல்லார் கைக்கும் எட்ட வேண்டும் என்று செய்த கார் அது. அதை டிரெய்லரில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோய், இறக்கித் துடைத்து, கோப்பை வாங்கி, மறுபடி டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது காரைக் காப்பாற்றுவதா?

1968-ல் 20 வயதில் இந்தக் கார்களை வாங்கியவர்களுக்கு இன்று வயது எழுபதுகளின் பின்பாதி. அவர்களுக்குப் பின் இந்தக் கார்களை யார் தொடப் போகிறார்கள்? எண் பொருந்தும் காரை வாங்க இளைஞனிடம் காசு இல்லை. எண் பொருந்தாத கார் ஒன்றுதான் அவனுக்குத் திறந்திருக்கும் வாசல். அந்த வாசலில் நின்றுகொண்டு 'அடடா' சொல்கிறவர்கள், தாங்கள் நேசிப்பதாகச் சொல்லும் கார்களுக்குத் தாங்களே குழி தோண்டுகிறார்கள். எண்ணைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடலாம். கன்வர்ட்டர் உட்காரும்போது கைக்குத் தெரியும் அந்தச் சின்ன 'டக்'கை எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது? அது ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்குத்தான் போகும்.

அடுத்த முறை ஒரு பழைய மசில் காரின் பானட் திறந்திருந்தால் எண்ணைத் தேடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

"இந்த எஞ்சினை ஏற்றியது யார்?"